மருந்துக் கடைக்கு முன்னால் கழனிக்குப் போங்க

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியது பேசியபடியே பல இடங்களில் விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, நீங்க இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். எனக்குத் தெரிந்தது நெல்லும் பூச்சியும்தான். அதைத்தான் பேசப் போகிறேன். பூச்சி என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

நான் இருப்பது எளாவூர்ப் பக்கம். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். அதற்கு அடுத்து ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் ஆந்திரா. லாரிக்காரர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச் சாவடி. வேலை தேடும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் என்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆனால் ரயிலை விட்டு இறங்கிக் கிழக்கே நடந்தால் இன்னும் கழனி இருக்கிறது. அதற்கும் அப்பால் பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று வருகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எங்கள் மாவட்டத்துக்கு மூன்று பட்டம். தண்ணீர் இருக்கிற இடத்தில் மூன்றும் உண்டு. இல்லாத இடத்தில் மழையை நம்பி ஒரே சம்பா.

அங்கே நானும் இரண்டு மூன்று நண்பர்களும் சேர்ந்து, இருபத்திரண்டு இளைஞர்களுக்கு ஒரு சம்பா பருவம் முழுக்கப் பூச்சி மேலாண்மைப் பயிற்சி நடத்தினோம். அந்தக் கதைதான் இன்றைக்கு. ஆனால் அதைச் சொல்லுமுன் என் தப்பு ஒன்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவரின் கேள்வி

இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போய் வேலையில் சேர்ந்த புதிது. 1980-களின் தொடக்கம். பையில் அட்டவணை வைத்திருப்பேன். நட்ட பதினைந்தாம் நாள் குருணை மருந்து, முப்பதாம் நாள் ஒரு தெளிப்பு, நாற்பத்தைந்தாம் நாள் இன்னொன்று. கழனியில் பூச்சி இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. தேதி வந்தால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரியவர் என்னை நம்பினார். ஊரில் எல்லோரும் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடன் வாங்கி, நான் சொன்ன தேதிக்கு நான் சொன்ன மருந்தை ஒரு சொட்டுக் குறையாமல் அடித்தார். யூரியாவும் தாராளமாகப் போட்டார். பயிர் கறுகறுவென்று நின்றது. எனக்கும் பெருமை. பூக்கும் சமயத்தில் கழனி நடுவே வட்டம் வட்டமாகக் காய ஆரம்பித்தது. தீப்பிடித்துப் புகைந்தது மாதிரி. புகையான் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! இன்னும் இரண்டு முறை அடிக்கச் சொன்னேன். அடித்தார். பத்து நாளில் பாதிக் கழனி போய்விட்டது.

வரப்பில் உட்கார்ந்துகொண்டு அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"தம்பி, நீ சொன்னபடி எல்லாம் அடிச்சேன். காசில்லாம ஒரு தபாகூட அடிக்காத பக்கத்துக் கழனி பச்சையா நிக்குது பாரு. அது எப்பிடி?"

என்னிடம் பதில் இல்லை. "அது வேற ரகம் மாமா" என்று ஏதோ மழுப்பிவிட்டு சைக்கிளில் ஏறினேன். அது வேறு ரகம் இல்லை, இரண்டு கழனியிலும் ஒரே நாற்றுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பதில் எனக்குக் கிடைக்கப் பல வருஷம் ஆனது. இதுதான் பதில். புகையான் தன் முட்டையை இலையுறையின் சதைக்குள்ளே குத்தி வைக்கும். மேலே எவ்வளவு அடித்தாலும் முட்டைக்குள் மருந்து போகாது. ஆனால் அதைத் தின்கிற சிலந்தியும், முட்டையை உறிஞ்சுகிற பச்சை மிரிட் பூச்சியும் வெளியே நடமாடுகின்றன. அவை முதலில் சாகும். ஒரு வாரம் கழித்து முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும்போது ஊரில் போலீஸ் கிடையாது! ஒரு பெண் புகையான் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். தழைச்சத்து அதிகமான பயிர் அதற்கு விருந்து. ஆக, மாமாவின் கழனியில் புகையானை வளர்த்தது நான்தான். அவர் காசில், என் அட்டவணையில்.

ஜாவாவில் நடந்தது

இந்தத் தப்பைச் செய்தது நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல். ஒரு நாடே செய்தது. இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அந்த அரசாங்கம் பூச்சிமருந்து விலையில் பெரும்பங்கை மானியமாகக் கொடுத்தது. மருந்து மலிவு, அதனால் எல்லோரும் அடித்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் ஜாவா தீவில் புகையான் பெருகி, தன்னிறைவே ஆட்டம் கண்டது.

பிலிப்பைன்ஸில் 1970-களின் கடைசியில் பீட்டர் கென்மோர் என்ற ஆராய்ச்சியாளர் நெல் வயலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் சொல்லியிருந்தார்: மருந்து அடிக்காத வயலில் புகையான் அடங்கி இருக்கிறது, அடித்த வயலில்தான் பெருகுகிறது. மாமா கேட்ட அதே கேள்விக்கு அவர் எண்ணிக்கையோடு பதில் சொன்னார். 1986 நவம்பரில் இந்தோனேசிய அதிபர் ஒரே ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தார். 1989-இல் மானியமும் நின்றது. விளைச்சல் விழவில்லை.

ஆனால் தடை போட்டால் மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் இருந்ததைப் பிடுங்கினால், கையில் வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும் இல்லையா? 1989-இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. கட்டடம் கிடையாது, கரும்பலகை கிடையாது. கழனிதான் வகுப்பு, பயிர்தான் பாடப்புத்தகம். நடவிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு நாள், இருபத்தைந்து முப்பது பேர். அடுத்த பத்து வருஷத்தில் அந்த நாட்டில் பத்து லட்சம் உழவர்களுக்கு மேல் இந்தப் பள்ளியில் படித்தார்கள். வியட்நாமில் 1994-இல் மீகாங் ஆற்றுப்படுகை உழவர்களிடம் "விதைத்து முதல் 40 நாள் மருந்து வேண்டாம்" என்ற ஒரே வரியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு வானொலி நாடகம்கூடப் போட்டார்கள்.

நம் நாட்டிலும் 1985-இலேயே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை அரசின் கொள்கையாக ஏற்றுக்கொண்டோம். அதற்கான மத்திய மையங்களில் ஒன்று நம் திருச்சியில் இருக்கிறது. வயல்வெளிப் பள்ளிகளும் 1990-களில் நம் ஊருக்கு வந்தன. எனக்கும் அப்போதுதான் கண் திறந்தது. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

இருபத்திரண்டு பேர்

ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். பார்த்தால் பெரியவர்கள் கழனியில், பிள்ளைகள் கம்பெனியில். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து, நைனாவுக்கு உதவியாக மருந்து மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். உழுவது டிராக்டர், நடுவது பெண்கள், அறுப்பது மெஷின். இளைஞன் கழனியில் கால் வைக்கிற ஒரே வேலை டேங்க் தூக்குகிற வேலை! விவசாயத்தில் இருக்கிற வேலைகளிலேயே ஆபத்தான வேலை அதுதான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

2013-இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்ததைப் படித்திருப்பீர்கள். 2017-இல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேர் அளவில் இறந்து போனார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு பையன், கூலிக்கு டேங்க் தூக்குபவன், காற்றுக்கு எதிரே அடித்து, வாயில் நுரை தள்ளிக் கழனியிலேயே விழுந்தான். நல்ல வேளை, ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டு போனதால் பிழைத்தான். அவன் அம்மா என்னிடம் வந்து, "சார், அவனுக்கு வேற ஏதாச்சும் கத்துக் குடுங்க" என்றார். பயிற்சி அந்த வார்த்தையில்தான் தொடங்கியது. அந்தப் பையன்தான் முதல் ஆள்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு. ஏன் அந்த நேரம் என்றால், இரவு ஷிப்ட் முடித்தவர்கள் யூனிபாரத்தோடு நேரே கழனிக்கு வந்துவிடுவார்கள். ஆறு பேர் பெண்கள். பதினான்கு வாரம்.

முதல் நாள் பரீட்சை. பேப்பர் பேனா கிடையாது. கழனியில் குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு அட்டை, நிஜமான பூச்சி ஒன்றை நூலால் காட்டிக் கேள்வி: "இது உனக்கு நண்பனா, எதிரியா?" சீட்டு மடித்து டப்பாவில் போட வேண்டும். பொறிவண்டின் புழுவைப் பார்த்துப் பெரும்பாலானோர் எதிரி என்றார்கள். அது முதலைக்குட்டி மாதிரி இருக்கும், பாவம்! ஊசித்தட்டானை எதிரி என்றார்கள். ஓநாய் சிலந்தியைப் பார்த்துக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடினவனும் உண்டு. குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலைச் சரியாகச் சொன்னவர்கள் பெண்கள் மட்டும். நாற்றுப் பிடுங்கி, நட்டுப் பழகிய கை. இலை நுனியில் பழுப்புப் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பதை அவர்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். அது என்னவென்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் அந்த முட்டைகளில் பெரும்பகுதி கழனிக்கே வராது. ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து எண்ணிக்கை. நான்கைந்து பேர் ஒரு குழு. கழனியில் குறுக்கே நடந்து இருபது குத்துகளைப் பார்க்க வேண்டும். தூரை லேசாகத் தட்டி, என்ன விழுகிறது, எத்தனை விழுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு வரப்பில் உட்கார்ந்து பெரிய தாளில் பயிரை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்பவை, மறு பக்கம் நன்மை செய்பவை, மேலே வெயிலா மழையா, கீழே தண்ணீர் எவ்வளவு என்று எழுத வேண்டும். கடைசியில் ஒரு முடிவு: இந்த வாரம் என்ன செய்யப் போகிறோம்? ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுக்களிடம் தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். நாற்பது வருஷம் அறிவுரை சொல்லிப் பழகியவனுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், பூச்சி வந்து நம்ம கையப் புடிச்சு, நானு நல்லவன்னு சொல்லுமா?"

அதற்குப் பதில் லாந்தர் கண்ணாடி. பழைய லாந்தர் கண்ணாடி ஒன்றை நெல் குத்து மேல் கவிழ்த்து, உள்ளே பத்துப் புகையானும் ஒரு ஓநாய் சிலந்தியும் விட்டு, மேலே வேட்டித் துணியைக் கட்டி வைத்தோம். மறுநாள் காலை அந்தப் பெரியவரையே திறக்கச் சொன்னோம். இரண்டு புகையான்தான் மிச்சம். இந்தச் சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து பதினைந்து பூச்சிவரை தின்னும் என்று புத்தகத்தில் நான் படித்திருந்தேன். அவர் கண்ணால் பார்த்தார். "இதுக்குக் கூலி எவ்ளோ சார்?" என்றார். கூலியே இல்லை என்பதுதான் விஷயம்.

கத்தரிக்கோல் பாடம்

பயிற்சியில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது பூச்சி இல்லை, ஒரு வீட்டுச் சண்டை.

ஒரு பையன், டிப்ளமோ முடித்துக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. அவன் நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர். அதில் அரை ஏக்கரை இந்தப் பருவம் தன் பொறுப்பில் விடும்படி கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தான். நட்ட இருபத்தைந்தாம் நாள் இலைச்சுருட்டுப்புழு வந்தது. வெள்ளைக் கோடு கோடாக இலை. நைனா மருந்துக் கடைக்குப் போய்க் கடனுக்குப் பாட்டில் வாங்கி வந்துவிட்டார். பையன் வரப்பில் குறுக்கே நின்றான்.

"நைனா, எண்ணிப் பாத்துட்டு அடிக்கலாம்."

"நீ எண்ணிக்கினே இரு. பயிர் போனா உன் கம்பெனி சோறு போடுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த அரை ஏக்கர்தான் அந்த வீட்டின் வருஷத்துச் சாப்பாட்டு நெல். இந்த இடத்தில் நாம் விளையாட முடியாது. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு மாமாவின் கழனியைக் கெடுத்தவன் நான். இன்னொரு கழனி என் பேச்சைக் கேட்டுக் கெட்டால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஆனால் அவனுக்கு ஒரு துணை இருந்தது. பத்து நாளுக்கு முன் நாங்கள் பயிற்சிக் கழனியில் ஒரு சதுர மீட்டரில் இருந்த ஒவ்வொரு இலையையும் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டியிருந்தோம். புழு செய்வதை நாமே செய்து பார்ப்பது. தூர் கட்டும் பருவத்தில் நெல்லுக்கு இழந்த இலையை மீட்டுக்கொள்ளும் சக்தி அதிகம். அந்தச் சதுரம் பக்கத்துப் பயிரோடு சேர்ந்து மறுபடி துளிர்த்து நிற்பதை நைனாவை அழைத்துப்போய்க் காட்டினான். பிறகு அவரோடு சேர்ந்தே தன் கழனியில் எண்ணினான். வளர்ச்சிப் பருவத்தில் இலைகளில் பத்து சதவீதம் சேதம் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும் சமயத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதவீதம். அன்றைக்கு அவன் கழனியில் பத்தைத் தொடவில்லை. ஒட்டுண்ணி விழுந்து செத்த புழுக்களும் சுருட்டுக்குள் இருந்தன.

நைனா சமாதானம் ஆகவில்லை. தன் ஒரு ஏக்கருக்கு அடித்தார். மகனின் அரை ஏக்கரை விட்டுவைத்தார். "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கழனியைச் சுற்றி மூன்று மாதம் அப்பாவும் பிள்ளையும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அறுவடையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சினிமா மாதிரி எதுவும் ஆகவில்லை. ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டிலும் மூட்டை ஏறக்குறைய சமம். ஆனால் நைனா மூன்று முறை அடித்திருந்தார். மருந்துக் காசு, டேங்க் கூலி, கடைக்காரருக்கு வட்டி. மகன் பக்கத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு முறை, அவ்வளவுதான். நைனா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நவரைக்கு நாற்று விட்டபோது, "எப்போ எண்ணணும்னு சொல்லு, நானும் வர்றேன்" என்றாராம். பையன் அதை என்னிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தோற்ற இடமும் உண்டு

எல்லாம் வெற்றி என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. பயிற்சியில் இருந்த ஒரு பெண், தன் கழனியில் குருத்துப்பூச்சி முட்டைக் குவியல் சதுர மீட்டருக்கு இரண்டைத் தாண்டியதைப் பார்த்தும், "மருந்து கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க" என்று விட்டுவிட்டாள். கதிர் வரும்போது வெண்கதிர் அதிகம். நஷ்டம்தான். அந்தத் தப்பும் என் கணக்கில்தான் வரும். "மருந்தே கூடாது" என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவள் காதில் அப்படி விழும்படி பேசியிருக்கிறேன்.

அதனால் இங்கே இருக்கிற மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறேன். எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் செயல்பட்டே ஆக வேண்டும். புகையான் என்றால் தூருக்கு ஒன்று, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், யூரியாவை நிறுத்த வேண்டும். நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போய்ப் புகையான் பெருகாது. குருத்துப்பூச்சிக்கு ட்ரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை இருக்கிறது. ஒரு சி.சி. அட்டையில் ஏறக்குறைய இருபதாயிரம் ஒட்டுண்ணி. திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு கிராமத்துப் பெண்கள் குழுக்களே இதை உற்பத்தி செய்து விற்றிருக்கிறார்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, இருநூறு லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும்.

இதெல்லாம் முடிந்தும் அடங்காவிட்டால் கடைசியாக மருந்து. அப்போதும் டப்பாவில் இருக்கிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை கடைசி. எங்கள் இருபத்திரண்டு பேரில் பயிற்சிக்கு முன்னால் அந்த முக்கோணத்தின் அர்த்தம் தெரிந்தவன் ஒருவன். அவனும் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பில் கேட்டதால் வேறு எதையோ நினைத்துச் சொன்னான்.

நம் மண்ணின் பங்கு

ஒரு நாள் பிள்ளைகளைத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் மாவட்டம்தான். அங்கே அவர்களுக்கு ஒரு பெருமையைச் சொன்னேன். திரூர்க்குப்பம் என்பதன் சுருக்கம்தான் டி.கே.எம். அந்த டி.கே.எம்.6 ரகத்துக்குக் குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் இருந்தது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைத் தாயாதிச் சொந்தமாக எடுத்துச் சேர்த்துத்தான் 1969-இல் ஐ.ஆர்.20 ரகத்தை வெளியிட்டது. நம் அப்பாக்கள் ஐ.ஆர்.20 போட்டார்கள், நாமும் அந்தச் சோறு சாப்பிட்டுத்தான் இந்தக் கல்லூரியில் படித்தோம். அது வெளிநாட்டு நெல் என்று நினைத்துக் கொண்டிருந்தோம். அதன் உடம்பில் ஓடுவதில் பாதி திருவள்ளூர் இரத்தம்! பூச்சியைத் தாங்கும் அறிவு இந்த மண்ணிலிருந்தே உலகத்துக்குப் போயிருக்கிறது.

எல்லைக்கு அப்பாலும் பாருங்கள். தெலுங்கு பேசும் மண்ணில், கம்மம் பக்கத்தில் புனுகுலா என்ற கிராமம் 2000-க்குப் பிந்தைய சில வருஷங்களில் ஊரோடு பூச்சிமருந்தை விட்டது. பருத்தி விளையும் ஊர் அது. கடனில் மூழ்கிய ஊர். அது எழுந்து வந்ததைப் பார்க்க மற்ற ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

நம்மால் ஆவது

இந்தப் பயிற்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. உலக வங்கி ஆய்வாளர்கள் இந்தோனேசிய வயல்வெளிப் பள்ளிகளை ஆராய்ந்து 2004-இல் எழுதினார்கள்: படித்தவர்களிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த அறிவு பரவியதாகத் தெரியவில்லை என்று. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. விதையைக் கடன் கேட்டு வாங்கலாம். கண்ணைக் கடன் வாங்க முடியுமா? ஒவ்வொருவனும் தானே தூரைத் தட்டி எண்ணிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஆகவே ஒரு பருவம் நடத்திவிட்டுக் கை கழுவினால் பிரயோசனம் இல்லை. படித்தவனே அடுத்த பருவத்துக்கு வாத்தியார் ஆக வேண்டும்.

இன்னொன்று, மருந்துக் கடைக்காரர். அவர் கெட்டவர் இல்லை. கடன் கொடுக்கிறார், இரவு எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கிறது, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கிறார். நாம் யாரும் இந்த மூன்றையும் செய்வதில்லை. அந்த இடத்தை நாம் நிரப்பாதவரை விவசாயி அங்கேதான் போவார்.

முன்னாள் மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உங்களில் பாதிப் பேருக்கு ஊரில் இன்னும் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருப்பீர்கள். அதில் கால் ஏக்கரை ஒரு பருவத்துக்கு வகுப்பறையாகக் கொடுங்கள். அறிவுரை வேண்டாம், நிலம் போதும். விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டத்தைக் குத்தகைக்காரர் தலையில் கட்டாமல் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய உதவி. பயப்படாமல் தப்புச் செய்ய ஒரு இடம் வேண்டும்.

மாணவர்களுக்கு: நீங்கள் நாளைக்கு அதிகாரியாகலாம், கம்பெனியில் சேரலாம், வங்கியில் வேளாண் கடன் கொடுக்கலாம். எங்கே போனாலும் யாராவது ஒரு பெரியவர் உங்களை நம்பி ஒரு கேள்வி கேட்பார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "வாங்க, கழனிக்குப் போய்ப் பாப்போம்" என்று சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்ட வார்த்தை அதுதான்.

அந்த மாமா இப்போது இல்லை. அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கழனியில் விழுந்து பிழைத்த அந்தப் பையனைச் சொன்னேனே, அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த குழுவுக்கு வகுப்பு எடுக்கிறான். போன மாதம் எட்டிப் பார்த்தேன். கையில் டேங்க் இல்லை, லாந்தர் கண்ணாடி இருந்தது. சுற்றி ஒன்பது பேர் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்றதை அவன் கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். சாம்பார் ஆறிவிடும்.